சீனி தின்ன ராசாவும் பேராச்சியின் மாந்தோப்பும்

கிட்ட வந்து உக்காருங்க, இன்னும் கிட்ட. அங்க என்ன கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கே, மிட்டாயா? சரி சரி, சத்தம் போடாம சப்பிக்கிட்டே கேளு.

ஒரு ஊர்ல, ஊர்னா அப்படி ஒரு ஊர், சுத்திலும் மாந்தோப்பு. ஒரு வீட்டுல பழத்தை அறுத்தா மூணு தெருவுக்கு வாசம் போகும். வருசா வருசம் முதல் கூடை ராசாவுக்குத்தான். தோப்புக்குப் பொறுப்பு பேராச்சின்னு ஒருத்தி. நல்ல உயரம், நல்ல கறுப்பு, வாய் மட்டும் ரெண்டு ஆளுக்குண்டானது. அவ பாட்டன் நட்ட மரம், அப்பன் தண்ணி ஊத்தின மரம், அவ ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடுற மரம்.

அந்த நாட்டு ராசா வீரமுடிக்கு அனந்தப்பன்னு ஒரு மந்திரி. அவன்தான் வெள்ளைச் சீனியைக் கொண்டுவந்து ராசாவுக்குப் பழக்கிவிட்டான். சும்மா இல்ல, சீனி ஆலையே அவனோடது. முதல்ல பால்ல ஒரு கை சீனி, அப்புறம் பழத்து மேல ஒரு கை சீனி, அப்புறம் பார்த்தா ரசத்துலயும் ஒரு கை சீனி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ராசாவுக்குப் படி ஏறினா மூச்சு வாங்குது, சபையில உக்காந்தா தூக்கம் வருது, எழுப்பினா எரிச்சல் வருது.

அந்த வருசமும் பேராச்சி முதல் கூடையைச் சுமந்துக்கிட்டுப் போனா. ராசா ஒரு பழத்தைக் கடிச்சார், கடிச்ச வேகத்துல துப்பினார்.

"தூ! என்ன பிள்ளை இது, புளியங்காயா?"

இதுக்குன்னே காத்திருந்தவன் மாதிரி மந்திரி முன்னால வந்தான். "மண்ணு செத்துப்போச்சு மகாராசா. தோப்பை வெட்டிட்டுக் கரும்பு போட்டுருவோம், நம்ம ஆலைக்கு ஆகும்."

"வெட்டு"ன்னுட்டார் ராசா.

ஊருக்கே சோறு போடுற தோப்பு அது.  ஆனா பேராச்சி அழுதாளா? அழலை. ராசா துப்பின பழத்தை எடுத்து மறுபக்கம் ஒரு கடி கடிச்சுப் பார்த்தா. தேன்! ராசாவைப் பார்த்தா, அவர் கையடியில இருந்த சீனிக் கிண்ணத்தைப் பார்த்தா, விஷயம் பிடிபட்டுப்போச்சு.

"வெட்டுங்க ராசா, யார் வேண்டாம்னது? ஆனா தோப்புல எங்க அம்மன் இருக்கா. ஒரு கிளையை வெட்டணும்னாலும், வெட்டச் சொன்னவங்க காப்புக் கட்டிக்கிட்டு, பௌர்ணமி வரைக்கும் கோயில்லயே தங்கணும். கோயில் அடுப்புல பொங்கினதை மட்டும்தான் திங்கணும். உங்க பாட்டனார் தேருக்கு மரம் வெட்ட வந்தப்பவும் அப்படித்தான் இருந்தாரு."

அம்மன்னா ராசாவுக்கும் பயம்தானே. கோடாலிக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்து கையை நீட்டினார். பேராச்சி மஞ்சக்கயித்தை இறுக்கிக் கட்டினா. கோயில் அடுப்புல என்ன பொங்கும்? காலையில கேப்பைக்கூழ், மத்தியானம் கம்பஞ்சோறு, பொழுது சாஞ்சா கஞ்சி, ஒரு செம்பு பால். கடிச்சுக்க வெங்காயம்.

முதல்ல ராசா கத்தினார். "ஏ பேராச்சி, மண்டை வெடிக்குது! ஒரே ஒரு சிட்டிகை சீனி!"

"காப்பு கையில இருக்கு ராசா."

அப்புறம் கெஞ்சினார். "தாயீ, நாக்கு நமநமங்குது. பாதி நாட்டைத் தாரேன்."

"நாட்டை நீங்களே வச்சுக்கோங்க. காப்பு கையில இருக்கு ராசா."

அப்புறம் மிரட்டினார். "உன் தலையை வாங்கிருவேன்!"

"வாங்குங்க. அப்புறம் கூழ் யார் காச்சுவா? காப்பு கையில இருக்கு ராசா."

இதெல்லாம் மந்திரி காதுக்குப் போச்சு. ராசாவுக்குச் சீனி மறந்துபோச்சுன்னா ஆலை என்னாகும்? தலைப்பாகைக்குள்ள சீனியை மடிச்சு வச்சுக்கிட்டு, ராசாவைப் பார்க்க வாரவன் மாதிரி வந்தான். கழுத்தை ஆட்டாம வாரான், தலையைச் சுத்தி ஈ மொய்க்குது. பேராச்சிக்கு இது போதாதா?

"வாங்க மந்திரி ஐயா! வெயில்ல வாடிப்போனீங்களே, இங்க உக்காருங்க, நல்ல நிழல்"னு ஒரு மரத்தடியில பாயை விரிச்சா. அந்த மரத்துல கிளைக்குக் கிளை செவ்வெறும்புக் கூடு!

ஒரு எறும்பு இறங்குச்சு, அப்புறம் பத்து இறங்குச்சு, அப்புறம் படையே இறங்குச்சு. "ஐயோ! அம்மா! காதுக்குள்ள போயிருச்சே!"ன்னு மந்திரி தலைப்பாகையைப் பிடுங்கி வீச, சத்தம் கேட்டு வெளிய வந்த ராசா காலடியில சீனி பொலபொலன்னு கொட்டுச்சு. அவன் ஓடின ஓட்டத்துல பொத்துன்னு குளத்துல விழுந்தான்.

ராசாவுக்குக் கண்ணு சிவந்துபோச்சு. "காப்புக் கட்டினவனை அம்மன் முன்னால பொய்யனாக்கப் பார்த்தியாடா? இனி நீ மந்திரியும் இல்ல, உனக்கு ஆலையும் இல்ல. அந்தக் குளத்துத் தண்ணியைச் சுமந்து இந்தத் தோப்புக்கு ஊத்துறதுதான் உன் வேலை!"

ஆனா தோப்பு இன்னும் தப்பிக்கலையே, வெட்டச் சொன்ன சொல்லு அப்படியே இருக்கே.

அன்னைக்கு ராசா வெங்காயத்தைக் கடிச்சவர் அப்படியே நின்னார். "பேராச்சி, இதுல சீனி போட்டியா?" "இல்லை ராசா." பாலைக் குடிச்சார். "இதுல?" "இல்லை ராசா." கம்பஞ்சோத்தை மென்னுக்கிட்டே இருந்தார். "இதுலயாவது?" "இல்லவே இல்லை ராசா."

பௌர்ணமி வந்துச்சு. காப்பை அவுத்த கையில பேராச்சி ஒரு மாம்பழத்தை வச்சா. கோடாலிக்காரங்க கோடாலியோட நிக்காங்க, ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ராசா கடிச்சார். சாறு முழங்கை வரைக்கும் வழியுது, துடைக்கலை. கண்ணுலயும் வழியுது, அதையும் துடைக்கலை.

"இப்படி ஒரு பழம் காய்க்கிற தோப்பையா நான் வெட்டச் சொன்னேன்? அன்னைக்கு ஏன் புளிச்சுது?"

"பழம் புளிக்கலை ராசா. எங்க தோப்புப் பழம் என்னைக்கும் புளிச்சதில்ல. உங்க நாக்கு சீனிக்குள்ள தூங்கிப்போச்சு, இப்பத்தான் முழிச்சிருக்கு."

ராசா எந்திரிச்சு நின்னார். மூச்சு வாங்கலை, அதை அவரே கவனிச்சார். "இந்தத் தோப்புல யாரும் கோடாலி வைக்கக் கூடாது. என் அடுப்படியில இனி வெள்ளைச் சீனி ஏறக் கூடாது!"ன்னு சொல்லிட்டு, ரெண்டாவது பழத்தைத் தின்னார், மூணாவதையும் தின்னார், நாலாவதுக்குக் கையை நீட்டினார்.

பேராச்சி வெடுக்குன்னு கூடையை இழுத்துக்கிட்டா. "போதும் ராசா. மறுபடியும் நாக்கைத் தூங்க வச்சுராதீங்க"ன்னு சொல்லி, கூடையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பசியோட நின்ன கோடாலிக்காரங்களுக்கு ஆளுக்கொரு பழமாக் கொடுத்துக்கிட்டே போனா.