கடலில்லாத நாட்டின் கப்பல் காப்பு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. கடல் எந்தப் பக்கம் என்று அந்நாட்டு மக்களைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. எந்தத் திசையில் நடந்தாலும் அதை அடைய நாற்பது நாளாகும்.

அந்நாட்டு மன்னருக்கு ஒரு குணம் உண்டு. காலையில் ஒரு புதுமையைக் காதால் கேட்டால், மறுநாளே அது தன் நாட்டில் நடந்தாக வேண்டும். ஒருமுறை துறைமுகப் பட்டினத்திலிருந்து முத்து வணிகர் ஒருவர் அரண்மனைக்கு வந்தார். "எங்கள் ஊரில் கடன் வாங்கிக் கலம் விடுகிறவர்கள், கடனோடு காப்புக் கூலி என்று கொஞ்சம் சேர்த்துக் கட்டுவார்கள். கலம் மூழ்கினால் கடனும் அதோடு மூழ்கிவிடும். எங்கள் ஊரில் கடன்காரர் அழுது பார்த்ததில்லை, அரசே" என்றார்.

மன்னருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கருவூல அதிகாரி செம்பியராயரை அழைத்தார். "நம் நாட்டிலும் கடன்பட்டவர் அழக் கூடாது. நாளை முதல் நம் கருவூலத்திலும் காப்பு உண்டு" என்றார்.

ஒரே நாளில் செம்பியராயர் என்ன செய்வார்? வணிகரின் ஓலையை வாங்கி எழுத்தர்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுத்துக்கு எழுத்து படியெடுத்துக் குவித்தார்கள்.

அந்நாட்டில் கடன் கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கடன் ஓலையைப் படித்துக் காட்டியதும், மன்னரின் மரியாதையாக வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். அதை அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு அதிகாரி முன் வாய் திறக்கக் கூடாது. எச்சில் தெறித்தால் தண்டம். இதுவரை வெற்றிலையோடு காரியம் முடிந்து வந்தது. இப்போது வெற்றிலைக்குப் பிறகு இரண்டாவதாக ஓர் ஓலையைப் படித்தார்கள். வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு யார் என்ன கேட்க முடியும்? எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

மூன்று ஆண்டுகள் போயின. கருவூலம் பருத்தது. மன்னரின் ஊஞ்சலுக்குப் பொன் தகடு போட்டார்கள்.

அரண்மனையில் விகடகவியாக இருந்தவர் பெயர் குன்றன். எதையும் இரண்டு முறை பார்க்கும் ஆள். படியில் இறங்கும்போது எண்ணிக்கொண்டு இறங்குவார். ஏறும்போது அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் படியைச் சந்தேகிக்க மாட்டார். தன்னைத்தான் சந்தேகிப்பார்.

சில நாட்களாக அவர் மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு மழை பொய்த்தது. ஒரு மாட்டு நோய் வந்து போனது. ஆனால் இன்னாருக்குக் காப்பினால் கடன் தள்ளுபடி ஆயிற்று என்று ஒருமுறைகூடப் பறையறைந்து அவர் கேட்கவில்லை. 'நான் ஊரில் இல்லாத நாளில் அறைந்திருப்பார்களோ' என்று முதலில் தன் காதையே குறை சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் உலகம்மை வந்தாள். தறி நெய்கிறவள். வலது மணிக்கட்டில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தது.

"ஐயா, அரண்மனைக்காரங்க என்னைக் கேலி பண்றாங்களா, நெசமாத்தான் கேக்குறாங்களான்னு தெரியல. கேலி உங்க தொழிலு. நீங்கதான் சொல்லணும்."

"என்னம்மா கேட்டாங்க?"

"'உன் கப்பல் முழுகிருச்சா'ன்னு கேட்டாரு செம்பியராயரு."

குன்றன் சிரிக்க வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தறி வாங்கக் கடன் வாங்கினேன். கை முறிஞ்சு ரெண்டு தவணை தவறிப்போச்சு. காப்புக் கட்டியிருக்கோமேன்னு தைரியமாப் போய் நின்னேன். கப்பலைக் கேக்குறாரு. வர்ற அமாவாசை உச்சிப்பொழுதுக்குத் தறியை எடுத்துட்டுப் போவாங்களாம். கை ஒரு மாசத்துல கூடிரும், ஐயா. தறி போனா எங்கேருந்து வரும்?"

"நீ போம்மா. நான் பாக்குறேன்" என்றார் குன்றன். சொன்ன பிறகுதான் 'என்ன பார்ப்பேன்' என்று யோசித்தார்.

அவரும் கூரை மாற்றக் கருவூலத்தில் கடன் வாங்கியவர்தான். பரணில் ஏறித் தன் ஓலைக்கட்டை எடுத்து இரண்டாவது ஓலையைப் படித்தார். 'சிறு தோணி முதல் பெருங்கலம் வரை எதுவாயினும், கடலோ ஆறோ குளமோ எந்நீராயினும், கடன்பட்டவரின் கலம் கவிழ்ந்து மூழ்கினால் கடன் தள்ளுபடி. வேறெந்தத் துன்பத்துக்கும் இக்காப்பு செல்லாது.'

மூன்று முறை படித்தார். வெளிச்சம் போதவில்லையோ என்று வாசலுக்கு வந்து நான்காம் முறை படித்தார். கலம் கலமாகவே இருந்தது. அடியில் அவர் கையெழுத்தும் இருந்தது.

'ஊரை ஏமாற்றியதைக் கண்டுபிடிக்கப் போனால், ஊரில் நானும் இருக்கிறேனே' என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் ஓர் ஓலையை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று குயவர் வீடு, செக்கு வீடு, ஆட்டுக்காரர் வீடு என்று ஏழு வீடுகள் ஏறி இறங்கினார். ஏழு வீட்டிலும் அதே கலம். ஆட்டுக்காரர் மட்டும், "முழுகுறது ஆடா இருந்தாச் சேராதா?" என்று கேட்டார்.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு குன்றன் அவைக்குப் போனார். செம்பியராயர் வழக்கத்துக்கு மாறாக, தாமே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னார். குன்றன், மடியில் முடிந்த காசு பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மன்னர் பொன் ஊஞ்சலில் இருந்தார். குன்றன் எல்லாவற்றையும் சொன்னார். மன்னர் முகம் சுருங்கியது. அது கோபமா, கேட்க விரும்பாத செய்தியைக் கேட்ட சலிப்பா என்று குன்றனுக்குப் பிடிபடவில்லை.

"செம்பியராயரே, என்ன சொல்கிறீர்?"

"அரசே, கடன் வாங்கியவர் எல்லோரும் ஓலை படிக்கக் கேட்டுத் தலையாட்டியவர்கள். எவரையும் கையைப் பிடித்து இழுத்துக் கைநாட்டு வாங்கவில்லை. விகடகவியாரும் அவர்களில் ஒருவர். இந்நாட்டிலேயே கூர்மையான அறிவு இவருக்குத்தான் என்று தாங்களே பலமுறை அருளியிருக்கிறீர்கள். இவருக்கே விளங்காத ஓலையா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. தன்னை நோக்கிச் சிரிப்பு வருவது குன்றனுக்குப் பழக்கம்தான். ஆனால் அவர் விகடம் சொல்லாமல் வந்த சிரிப்பு அதுவே முதல் தடவை. காது சுட்டது.

"மேலும் கருவூலச் சட்டப்படி, கருவூலத்துக்கு எதிராகக் கடன்பட்டவர் சொல் சாட்சி ஆகாது" என்றார் செம்பியராயர். "காப்பு பயனற்றது என்று கருவூல அதிகாரியே தம் வாயால் சொன்னால்தான் வாங்கிய கூலியைத் திருப்பித் தர முடியும்."

மன்னர் ஊஞ்சலை நிறுத்தினார். புது விளையாட்டுக் கிடைத்த களை அவர் முகத்தில் வந்தது.

"நல்லது. குன்றா, அமாவாசை உச்சிப்பொழுதுக்குள் அந்தச் சொல்லைச் செம்பியராயர் வாயிலிருந்தே வரவழை. மிரட்டக் கூடாது. கைக்கூலி கூடாது. அவராகவே சொல்ல வேண்டும். வராவிட்டால் தறியும் போகும், நீயும் ஓராண்டு இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

செம்பியராயர் தாம்பூலத் தட்டிலிருந்து நான்கு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அடக்கிக்கொண்டு, குன்றனைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அன்று முதல் அவர் வாய் ஒழியவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையசைப்பு. சோறு உண்ணும் நேரத்தில் மட்டும் துப்பினார். அப்போதும் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

முதல் நாள் குன்றன் அவரிடம் ஏழு விகடம் சொன்னார். கன்னம் அதிர்ந்ததே தவிர வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள், 'நான் உலகம்மையிடம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கவே கூடாது' என்று முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தார். நடந்ததில் நூற்று நாற்பதாம் அடியில் ஒன்று தோன்றியது. அந்த மனிதரைப் பேச வைக்க முடியாது. ஆனால் பேசாமல் இருந்தால் நஷ்டம் என்று ஆக்கிவிடலாம்.

அமாவாசை காலையில் அவர் மன்னரிடம் போய், "அரசே, கலங்கள் வந்துவிட்டன" என்றார்.

"எந்தக் கலங்கள்?"

"தங்கள் குடிகளின் கலங்கள். தாமரைக் குளத்தில் நிற்கின்றன."

மன்னர் வேகமாக நடந்தார். அவை பின்னால் ஓடியது. குளக்கரையில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒருவர் கையில் கொட்டாங்கச்சி, ஒருவர் கையில் பாக்குமட்டை, ஒருவர் கையில் உடைந்த பானையின் அடி. ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி நட்டு, அதில் துணிக் கிழிசலைப் பாயாகக் கட்டியிருந்தார்கள்.

"இவையா கலங்கள்?" என்றார் மன்னர்.

"சிறு தோணி முதல் என்று ஓலை சொல்கிறது, அரசே. எவ்வளவு சிறிது என்று சொல்லவில்லை. குளமும் நீர்தான் என்கிறது."

மன்னர் செம்பியராயரைப் பார்த்தார். "ஓலையில் அப்படித்தான் இருக்கிறதா?"

செம்பியராயர் தலையசைத்தார். வாய் நிறைந்திருந்தது.

முதலில் உலகம்மை இடது கையால் தன் பாக்குமட்டையை நீரில் விட்டாள். அது மூழ்கவில்லை. காற்றில் அழகாகத் திரும்பி ஒரு தாமரை இலையோடு போய் ஒட்டிக்கொண்டது. செம்பியராயர் கண்ணில் சிரிப்பு மின்னியது. குன்றனுக்கு வியர்த்தது. கொட்டாங்கச்சியை முழுக்கிப் பார்த்திருந்தார். பானை அடியையும் பார்த்திருந்தார். பாக்குமட்டையைப் பார்க்க மறந்துவிட்டார்.

"என்ன தாயே, உன் கலம் கரை சேர்ந்துவிட்டதே" என்றார் மன்னர்.

"சரக்கு ஏத்த மறந்துட்டேன், மகாராஜா." உலகம்மை முழங்கால் நீரில் இறங்கி, கரையிலிருந்து எடுத்த ஒரு கல்லை மட்டையின் நடுவில் வைத்தாள். கலம் குடைசாய்ந்து போயே போய்விட்டது.

"செம்பியராயரே, ஆட்சேபம் உண்டா?"

உண்டு என்று சொல்ல வாய் திறக்க வேண்டும். செம்பியராயர் அசையாமல் நின்றார்.

"இல்லை போலும். எழுத்தரே, உலகம்மை கடனை அடியுங்கள்."

அடுத்துக் குயவரின் கலம் மூழ்கியது. கடன் அடிக்கப்பட்டது. செக்குக்காரர் கலம் மூழ்கியது. ஆட்டுக்காரர், "இதுக்கு ஆட்டையே கூட்டிட்டு வந்திருப்பேன், குளிச்ச மாதிரியும் ஆயிருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார். ஆட்சேபம் இல்லை, ஆட்சேபம் இல்லை என்று மன்னர் குரல் வேகம் பிடித்தது. செம்பியராயரின் நெற்றி நரம்பு புடைத்தது. பதினேழாவதாக ஊரிலேயே பெரிய கடன்காரரான பட்டு வணிகர் வந்தார். கருவூலத்தில் கால் பங்கு அவரிடம்தான் இருந்தது. அவர் ஒரு வாழைப்பூ மடலைக் கையில் ஏந்திக் குனிந்தார்.

செம்பியராயர் முழு வெற்றிலையையும் தம் பட்டாடை மேலேயே உமிழ்ந்தார்.

"நிறுத்துங்கள், அரசே, நிறுத்துங்கள். இவர்கள் நெய்கிறவர்கள், பானை வனைகிறவர்கள். இவர்களுக்கு ஏது கலம்? இந்த நாட்டில் கடலே இல்லையே. நூறு ஆண்டு காப்புக் கட்டினாலும் இவர்களில் ஒருவருக்காவது அது பயன்படுமா? முதல் மாதமே எனக்குத் தெரியும்..."

அங்கே நின்றுவிட்டார்.

குன்றன் எழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொண்டீரா?"

"எழுதிவிட்டேன். 'முதல் மாதமே எனக்குத் தெரியும்' என்பது வரை."

"உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அரசே" என்றார் குன்றன்.

மன்னர் சிரிக்கவில்லை. நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன் ஊஞ்சலில் ஆடுகிறவர் இதைக் கேட்டு யார் பக்கம் சாய்வார்? குன்றன் தன் விகடத்தில் ஓட்டை எங்கே என்று மனத்துக்குள் தேடத் தொடங்கிவிட்டார்.

"குன்றா, அப்படியானால் மூன்று ஆண்டாக நான் யாருடைய காசில் ஆடிக்கொண்டிருந்தேன்?"

"அரசே, என் கூரைக் கடனில் கட்டிய காப்பும் அதில் கொஞ்சம் இருக்கும்."

"நீ ஏனப்பா கையெழுத்துப் போட்டாய்?"

"வாயில் வெற்றிலை இருந்தது."

அப்போது வந்தது மன்னருக்குச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்துப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது குரல் மாறியிருந்தது. "மூழ்கிய கடன்கள் போகட்டும், மற்றக் கடன்களையும் தள்ளிவிடட்டுமா?" என்று குன்றனைக் கேட்டார்.

"வேண்டாம், அரசே. வாங்கிய கடனை இவர்கள் கட்டுவார்கள். அடித்ததை மறுபடி எழுதச் சொல்லுங்கள். பயனில்லாததை விற்று வாங்கிய கூலியை மட்டும் திருப்பித் தாருங்கள். தவணை தவறினால் கருவூலம் என்ன வட்டி கேட்குமோ, அதே வட்டியோடு."

அப்படியே ஆணை பிறந்தது. பொன் தகடு உரிக்கப்பட்டது. மன்னர் பழைய பலகை ஊஞ்சலுக்குத் திரும்பினார். செம்பியராயர் வீடு வீடாகப் போய்த் தம் கையால் கூலியைத் திருப்பித் தர வேண்டும், போகும்போது வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது என்று தீர்ப்பு. உலகம்மைக்கு வந்த தொகையில் தவறிய இரண்டு தவணையும் அடைந்து, தறியில் ஏற்ற ஒரு பாவுக்கு நூலும் வாங்க முடிந்தது. தறியை எடுக்க வந்த வண்டி காலியாகத் திரும்பியது.

மறுநாள் அவையில் குன்றனுக்கு ஒரு பொற்கிழியும் நன்செய் நிலத்துக்கான ஓலையும் கொடுத்தார்கள். முறைப்படி தாம்பூலத் தட்டும் வந்தது. குன்றன் வெற்றிலையை எடுத்தார். வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, குன்றா? என்னையும் சந்தேகப்படுகிறாயா?" என்றார் மன்னர்.

"தங்கள் மேல் இல்லை, அரசே. வெற்றிலை மேல் கொஞ்சம். ஓலையை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்பக்கமும் சேர்த்து."

மன்னர் பலகை ஊஞ்சல் கிறீச்சிடச் சிரித்தார். எழுத்தர் முன்பக்கம் படித்தார், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது. குன்றன் அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகே வெற்றிலையை மடித்தார்.

அன்று முதல் அந்நாட்டில் ஓலையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் தாம்பூலம் கொடுப்பது வழக்கமாயிற்று.