ஊருக்கெல்லாம் ஒரே நெருப்பு

செண்பகபுரி அரசர் வீரகுமார பூபதிக்கு எதிரி நாட்டுப் படையைக் கண்டால் பயமில்லை. விறகுச் செலவைக் கண்டால்தான் பயம். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்ததில் விறகு விலை ஏறிப்போயிற்று. தனியாக விடுவானேன் என்று எண்ணெய் விலையும் கூடவே ஏறியது. அரண்மனையில் சிக்கனம் தொடங்கியது. ராணிக்கு வெந்நீர் நின்றது. பட்டத்து யானைக்குச் சோற்றுக் கவளத்துக்குப் பதில் பச்சை அரிசி வைத்தார்கள். அது அரசர் மேலேயே துப்பியது. ஒருநாள் அரசர் சபை விளக்குகளைத் தாமே ஊதி அணைத்துவிட்டு, இருட்டில் சிம்மாசனம் என்று நினைத்துச் சேனாதிபதியின் மடியில் உட்கார்ந்தார். சேனாதிபதி ராஜவிசுவாசத்தால் வாய் திறக்கவில்லை.

பொக்கிஷ மந்திரி அனந்தப்பருக்கு இப்படி ஒரு சமயம்தான் வேண்டியிருந்தது.

"பிரபு, செலவை ஏன் குறைக்கிறீர்கள்? வரவைக் கூட்டலாம். ஊரில் அடுப்பு மூட்டுகிறவர்கள் எல்லோரும் வரி கட்டட்டும்" என்றார்.

மறுநாளே மதில் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். எந்தக் கூரையில் புகை தெரிகிறதோ அந்த வீட்டுக்கு வரி. சாம்பிராணி போட்டவர்களும் தப்பவில்லை. வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரையும் அடுப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் நனைத்த அவலைத் தின்று நாளைத் தள்ளினார்கள்.

அரசவையில் வேடிக்கை பேசிப் பிழைக்கும் பூவராகன் வீட்டில் அவல் எடுபடவில்லை. அவன் மகள் பொற்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

"பச்சை உடம்புக்காரிக்கும் சிசுவுக்கும் குளிர்ந்த தண்ணியவா ஊத்தச் சொல்றீங்க?" என்றாள் மனைவி செங்கமலம். "வரி கட்டினா விறகுக்குக் காசில்ல. விறகு வாங்கினா வரிக்குக் காசில்ல. சபையில எல்லாரையும் சிரிக்க வைக்கிறீங்களே, சாயங்காலத்துக்குள்ள என்னையும் சிரிக்க வையுங்க."

பூவராகன் நேரே சபைக்குப் போனான்.

"அரசே, என் வீட்டில் காலையில் புகை வந்தது உண்மை. ஆனால் அடுப்பு மூட்டுகிறவருக்குத்தானே வரி? நாங்கள் மூட்டவில்லை. பக்கத்து வீட்டில் வரட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வந்தோம்."

மந்திரிக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரி கட்டட்டும். அவளும் வாங்கியிருந்தால் அவளுக்குக் கொடுத்தவள் கட்டட்டும். முதலில் மூட்டியது யார் என்று பார்த்து, ஊர் வரி மொத்தத்தையும் அவரிடமே வாங்கிவிடலாம்."

"மந்திரியார் சொன்னதைச் சபை கேட்டுக்கொள்ளட்டும்" என்றான் பூவராகன்.

அரசருக்கு இது பிடித்துப்போயிற்று. பரிவாரத்தோடு தாமே தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டு வேலம்மாள், "வளையல்காரர் வீட்டுல வாங்கினேன் சாமி" என்றாள். வளையல்காரர் யானைப்பாகன் வீட்டைக் காட்டினார். பாகன் மனைவி தயங்கித் தயங்கி மந்திரி வீட்டைக் காட்டினாள்.

மந்திரிக்கு வேர்த்தது. அவர் மனைவி வெளியே வந்து, "நாங்க ஏன் மூட்டறோம்? அரண்மனைச் சமையல்கட்டுல ஓசியில கிடைக்குதே" என்றாள். மந்திரிக்கு மூச்சு வந்தது. அரசருக்கு நின்றது.

தலைமைச் சமையல்காரர் கேசவன் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "போன மழையில கூரை ஒழுகி நம்ம அடுப்பு அவிஞ்சு போச்சுங்க. பின்பக்கம் பூவராகன் வீட்டு அம்மாகிட்டதான் ரெண்டு கங்கு வாங்கினேன்."

புறப்பட்ட இடத்துக்கே எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பூவராகன் கைகூப்பினான். "பார்த்தீர்களா அரசே? இந்த ஊரில் யாருமே அடுப்பு மூட்டவில்லை. நெருப்பு அதுபாட்டுக்கு விருந்துக்குப் போய் வருகிறது."

மந்திரி விடவில்லை. "ஊரிலுள்ள அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள் பிரபு. பிறகு முதலில் மூட்டுகிறவன் அகப்படுவான்."

அப்படியே ஆணை போயிற்று. ஊர் முழுக்கத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். பூவராகனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வேடிக்கை கைமீறி, மகளுக்கு வெந்நீர் இல்லாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டான்.

மதியம் ஆயிற்று. எந்தக் கூரையிலும் புகையில்லை. மதில் மேல் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். அரசருக்குப் பசி வந்தது.

"கேசவா, அடுப்பை மூட்டு."

"மன்னிக்கணுங்க. ஊர் வரி மொத்தத்தையும் கட்ட எனக்கு வசதியில்லைங்க."

"சேனாதிபதி?"

சேனாதிபதிக்குத் திடீரென்று எல்லையில் வேலை இருந்தது. அரசர் தாமே சிக்கிமுக்கிக் கல்லை எடுத்தார். வரி ஞாபகம் வந்ததும் கீழே வைத்தார்.

பொழுது சாயத் தொடங்கியது. அரசரின் வயிறு போட்ட சத்தத்தில் வாயில்காப்போன் உள்ளே எட்டிப் பார்த்தான். "மந்திரியாரே, நீர் மூட்டும்" என்றார் அரசர்.

"பிரபு, அந்த வரி..."

"இருக்கட்டுமா, போகட்டுமா? சீக்கிரம் சொல்லும்."

"போகட்டும் பிரபு. அது என் அவசரப் புத்தி."

"போயிற்று. இப்போது மூட்டும்."

மந்திரி கல்லைத் தட்டினார். பஞ்சில் பொறி விழுந்து அடுப்பு பற்றிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் வரட்டித் துண்டோடு காத்திருந்த செங்கமலம் முதல் கங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலம்மாள் அவள் பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தெருத்தெருவாகப் புகை எழுந்தது. பூவராகன் வீட்டுக் கொல்லையில் சிசு வெந்நீர் பட்டு வீறிட்டது அரண்மனைச் சமையல்கட்டு வரை கேட்டது. பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அரசர் சுடச்சுட ரசம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி பூவராகா. பொக்கிஷம் வற்றி மந்திரியார் மறுபடியும் இந்த வரியைக் கொண்டுவந்தால் என்ன செய்வாய்?"

"தாராளமாகக் கொண்டுவரட்டும் அரசே. இனி வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. இன்று முதல் ஊரில் எரிகிற நெருப்பு முழுக்க மந்திரியார் மூட்டியது."

அரசருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இருமல் அடங்கியதும், பூவராகன் வீட்டுக்கு ஒரு வண்டி விறகு அனுப்பச் சொன்னார். வண்டியை மந்திரி ஓட்டிப் போனார்.