ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல

கோவில்பட்டி பைபாஸ்ல ஜெனோவா வச்சிருந்த கார் ஏசி பட்டறைக்கு ஒரு சிஷ்யப்புள்ள தொழில் படிக்க வந்து சேந்தாரு. புள்ளைக்கு வயசு அம்பத்திரெண்டு. பேரு சங்கிலிபூதத்தான். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போச்சு, வாய் மட்டும் போகல. பழுதான கம்ப்ரசர் எப்படிக் கத்தும், கஸ்டமர் எப்படி முனகுவாரு, ஜெனோவா எப்படி மூக்க உறிஞ்சிக்கிட்டே திட்டுவா, எல்லாத்தையும் அச்சு அசலா செஞ்சு காட்டுவாரு. குருவுக்கு வயசு முப்பத்தாறு. அவரு அவள டீச்சர்ம்பாரு. அவ அவர அண்ணாச்சிம்பா.

சித்திர வெயில். காலையில காஜான்னு ஒரு தம்பி கார விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவனுக்குக் கொறமாசத்துல பொறந்த பிள்ள, அன்னிக்குத்தான் வீட்டுக்கு அனுப்புதாங்க. சூடு பட்டுறக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லியிருந்தாரு. கார் ஏசியில காத்து வருது, குளுமை வரல. வீடோ தூத்துக்குடி தாண்டி. வழியில நிழல்னு பாத்தா முள்ளுக்காட்டுக் கருவேலந்தான்.

உச்சிப் பொழுதுக்கு வந்து நின்னான்.

"அண்ணாச்சி, பிள்ளைய ஏத்திரலாமா?"

ஜெனோவா சாப்பிடப் போயிருந்தா. பூதத்தான் கேஸ் அழுத்தம் பாக்குத கேஜ மாட்டினாரு. அதுல ரெண்டு முள்ளு. கேஸ் குளுந்து திரும்புத குழாய்க்கு ஒண்ணு, கம்ப்ரசர் அமுக்கித் தள்ளுத குழாய்க்கு ஒண்ணு. ரெண்டும் நூத்திப்பதினஞ்சுல மாப்பிள்ளையும் பொண்ணுமா ஜோடி போட்டு நின்னுது.

"கேஸ் முழுசா இருக்கு தம்பி. பில்டர்லதான் தூசி, தட்டியாச்சு. தைரியமாப் போங்க."

காஜா சாவிய வாங்கும்போது ஜெனோவா வந்துட்டா.

"கேஸ் முழுசா இருக்குன்னு யாரு சொன்னா?"

"முள்ளு சொல்லிச்சு."

"இஞ்சினப் போட்டியளா?"

"போடாமலே சொல்லுது டீச்சர். நம்ம கைராசி அப்படி."

ஜெனோவா மூக்க உறிஞ்சினா. ஆனா திட்டல. மூலையில கெடந்த ரெண்டு கேஸ் சிலிண்டரக் காட்டினா.

"தூக்குங்க."

ஒண்ணு எழும்பவே மாட்டேன்னுது. "இது மாசமா இருக்கு டீச்சர்." இன்னொண்ணு ரெண்டு வெரல்ல வந்துது. குலுக்குனா அடியில லேசாத் தளும்பிச்சு.

"எதுல முள்ளு மேல நிக்கும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? இந்தக் குண்டன்லதான்."

அவ சிலிண்டருக்கு ஒரு கேஜா மாட்டித் தெறந்துவிட்டா. குண்டன்ல நூத்திப்பதினஞ்சு. காலிச் சிலிண்டர்லயும் நூத்திப்பதினஞ்சு.

பூதத்தான் கண்ணாடியத் தட்டினாரு. "முள்ளு சிக்கிக்கிச்சு போல."

ஜெனோவா குண்டன் மேல துண்டப் போத்தி, ஐஸ் தண்ணிய ஊத்தினா. யாரும் எதையும் தெறக்கல. சொட்டு கேஸ் வெளிய போகல. அந்த முள்ளு சத்தமில்லாம எறங்க ஆரம்பிச்சுது. நூத்திப்பத்து. நூறு. அதுக்கும் கீழ. நெறஞ்சது கீழ நிக்குது, காலி மேல நிக்குது.

பூதத்தான் சிலிண்டர் முன்னால குத்தவச்சு உக்காந்துட்டாரு. இடுப்பு ஞாபகமே வரல. துண்ட எடுத்ததும் முள்ளு திரும்ப மெல்ல மெல்ல ஏறுது. இரும்புக்குள்ள யாரோ மூச்சு விடுத மாதிரி இருந்துது அவருக்கு.

"உள்ள எவ்வளவு இருக்குன்னு அதுக்குக் கணக்கே இல்லையா டீச்சர்?"

"கேஸ் உள்ள ஒரு மடக்கு தண்ணியா நின்னாலும் சரி, ஒரு கொடம் நின்னாலும் சரி. முள்ளத் தள்ளுதது சூடு."

அவரு காரத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் காஜாவ.

"தம்பி, சாவியக் குடுங்க. நான் சொன்னது தப்பு. இப்படியே பிள்ளைய ஏத்தாதீங்க."

ஜெனோவா இஞ்சினப் போட்டு ஏசியத் திருப்பினா. ஜோடியா நின்ன முள்ளுல ஒண்ணு கெணத்துல விழுந்த மாதிரி அடிக்கே போச்சு. இன்னொண்ணு மேல ஏறத் தெம்பில்லாமத் தவிச்சுது. கேஸ் பத்தாம கம்ப்ரசர் ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது.

காஜா மொகம் வெளுத்துப்போச்சு. "பிள்ள பாதி வழியில வெந்துருக்குமே அண்ணாச்சி."

பூதத்தான் குழாயக் கையால தடவிக்கிட்டே போனாரு.

குழாய் இணைப்புல எண்ணெக் கசிவு. ரப்பர் வளையத்த மாத்தி, உள்ள இருந்த காத்த உறிஞ்சி எடுத்துட்டு, கேஸத் தராசுல வச்சு எடை பாத்து ஏத்தினாங்க. இஞ்சின் ஓட ஓட ஒரு முள்ளு தாழ எறங்கி நின்னுது, ஒண்ணு ஒசர ஏறி நின்னுது. திரும்புத குழாய் குப்புனு வேர்த்துது. பூதத்தான் அந்த ஈரத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. வெளிய தார் உருகுது, இங்க வெரல் மரத்துப்போவுது.

காஜா பொண்டாட்டியக் கூட்டியாந்தான். பிள்ள உள்ளங்கையளவு மொகத்தோட தூங்கிக்கிட்டு இருந்துது. அந்தப் பொண்ணு கண்ணாடிய ஏத்திவிட்டுச்சு. கார் போயிருச்சு.

பூதத்தான் சிலிண்டர்ல இருந்த கேஜக் கழட்டி ஜெனோவா கையில குடுத்தாரு.

"டீச்சர், அந்த முள்ளு எதுக்கு எங்கிட்டப் பொய் சொல்லிச்சு?"

ஜெனோவா கேஜ் குழாயச் சுருட்டிக்கிட்டே சொன்னா.

"இன்னிக்கு வெயில் எவ்வளவுன்னு சொல்லிச்சு அண்ணாச்சி. சரியாத்தான் சொல்லிச்சு."