வள்ளம் தண்ணீர் குடித்த வாரம்

"அந்த வள்ளம் செத்து வருசம் மூணாச்சு. சொந்தக்காரனுக்குத்தான் இன்னும் யாரும் சேதி சொல்லல."

மீன் ஏலம் போடும் இடத்தில் யாரோ ஒரு பெண் சொல்லிச் சிரித்தது கஸ்பார் காதில் விழுந்தது. அவன் பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது. வள்ளம் அவனுடையது.

அவனுடையது என்றால், அவன் அப்பா விட்டுப்போனது. பெயர் சலேத்து மாதா. அந்தக் கரையில் கடைசிவரை பாய் விரித்தே ஓடிய வள்ளம். கடலிலிருந்து திரும்பும்போது வீட்டுக்கு நேரே வந்ததும், அப்பா பாயைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வார். கயிறு சிறுவன் கஸ்பார் கையில் இருக்கும். "இறக்குலே, ஒங்க அக்கா பாக்கட்டும்." அதைப் பார்த்ததும் அக்கா ரெஜினாள் உலை வைப்பாள். வள்ளத்தைக் கரையேற்றி, மீனை இறக்கி, கால் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு வடித்த ஆவி வாசலிலேயே மணக்கும்.

பிறகு கஸ்பார் இரும்புக் கப்பலுக்கு வேலைக்குப் போனான். அப்பா இறந்தபோது ஏதோ ஒரு நடுக்கடலில் இருந்தான். அதற்கப்புறமும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து, நரைத்த தலையோடு இப்போதுதான் வந்திருக்கிறான். அக்கா அவனை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் போய் நின்றால் ஒரே கேள்விதான்.

"அப்பா அடக்கத்துக்கு ஏன்ல வரல?"

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி, பழையபடி அவள் கண்ணெதிரே பாயைத் தாழ்த்திக் காட்டினால் அக்கா மனம் இளகிவிடும் என்று கஸ்பார் நினைத்தான். வேறு வழி அவனுக்குத் தோன்றவில்லை.

வள்ளத்து வேலை தெரிந்தவன் தொம்மை. கஸ்பாரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கஸ்பார் ஊரைவிட்டுப் போனபிறகு அவன் அப்பாவிடமே வேலை பழகியவன்.

"எனக்குச் சொல்லிக் குடுலே," என்றான் கஸ்பார்.

"ஒங்கப்பாவ நான் ஆசானேன்னுதான் கூப்பிட்டேன்."

"சரி, ஆசானே."

"சிரிக்காமச் சொல்லு."

கஸ்பார் சிரிக்காமல் இன்னொரு தடவை சொன்னான்.

பனைகளுக்கு நடுவே வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. கஸ்பார் அதற்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தான். பலகைகள் காய்ந்து விலகியிருந்தன. இடுக்கு வழியாக வெயில் விழுந்து மணலில் கோடு கோடாகக் கிடந்தது.

"பழைய பஞ்சைச் சுரண்டி எடு. வேற ஒண்ணும் செய்யாத. நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வாரேன்," என்றான் தொம்மை.

கஸ்பாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பஞ்சை முறுக்கி இடுக்குகளில் திணித்து அடைப்பதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். அப்பா அதைச் செய்து அவன் பார்த்திருக்கிறான். உளியும் சுத்தியலும் கிடைத்தன. விரல் கன்றிப்போகும்வரை அடித்தான். தொம்மை திரும்பி வந்தபோது வள்ளத்துக்கு அடியில் ஒரு பொட்டு வெயில் இல்லை.

"ஒரு இடுக்கு விடல, ஆசானே."

தொம்மை கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "நல்லாத்தான் அடிச்சிருக்க." கொக்கியை எடுத்தான். ஒரு முனையில் மாட்டி இழுத்தான். பஞ்சு குடல் மாதிரி நீளமாக வந்தது.

"ஏலே தொம்மை! கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"ஆசானே," என்று திருத்தினான் தொம்மை, திரும்பிப் பார்க்காமல்.

முழுவதையும் பிடுங்கினான். பிறகு கரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, வள்ளத்தை நிமிர்த்தி, முட்டளவு தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனான். எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீய்ச்சியது. போதாதென்று மணல் மூட்டைகளை உள்ளே வைத்தான். சலேத்து மாதா மெல்ல உட்கார்ந்து, விளிம்பு மட்டும் தெரிய மூழ்கிப்போனாள்.

"ஆசான் வள்ளத்த எறக்குதாரா, அடக்கம் பண்ணுதாரா?" என்று கேட்டான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவன். கரையே சிரித்தது.

கஸ்பார் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகைகளுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பழைய மீன் எண்ணெய் வாசம் வந்தது. அப்பா சட்டையில் வரும் வாசம்.

"எப்ப அடைக்கிறது, ஆசானே?"

"குடிக்கட்டும்."

"குடிச்சது போதாதா?"

"மூணு வருசத் தாகம்லா."

"அப்ப நான் அடிச்ச பஞ்சு?"

"காஞ்ச பலக தண்ணி பட்டா விரியும். விரிய எடம் வேணும். நீ எடமே விடாம அடைச்சிட்ட. அது எங்க போகும்? ஆணியப் பிடுங்கிக்கிட்டு வெளிய போகும்."

சாயங்காலமானால் கஸ்பார் அக்கா வீட்டுக்குப் போவான். ஒருநாள் கம்பளி கொண்டுபோனான், ஒருநாள் வாசனை சோப்பு. அவள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான். கேப்டன் விடவில்லை. கரை தொட நாளானது. சாவுச் சேதி தந்தி மாதிரி ஒரு வரிதான் வந்தது, அதுவும் தாமதமாக. எல்லாம் உண்மை. சொல்லி முடிக்கும்போது கதவு சாத்தியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து மணல் மூட்டைகளைத் தூக்கிப்போட்டு, தண்ணீரை இறைத்தார்கள். வள்ளம் எழுந்தது. பலகைகள் தாமாகவே ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. கசிந்த சில இடங்களில் மட்டும் தொம்மை மெல்லிசாகப் பஞ்சு வைத்தான்.

கச்சான் காற்று நன்றாக இருந்த ஒரு மத்தியானம் பாய் ஏற்றினார்கள். சலேத்து மாதா ஒரு பக்கம் சாய்ந்து ஓடினாள். கயிறு கஸ்பார் உள்ளங்கையில் பழைய இடத்திலேயே உரசியது. வீட்டுக்கு நேரே வந்ததும் பாயைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றினான்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கரைக்கு வந்ததும் கஸ்பார் கயிற்றை வீசியெறிந்தான். "இவ்வளவு பாடும் வீண்."

தொம்மை கயிற்றை எடுத்துச் சுருட்டினான். "வள்ளம் ஒரு வாரம் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அக்கா வீட்டுல?"

கஸ்பார் குனிந்து கயிற்றின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தான்.

அன்றைக்கு வெறுங்கையோடு போனான். தட்டியதும் கதவு திறந்தது.

"அப்பா அடக்கத்துக்கு ஏன்ல வரல?"

அவன் வாய் திறந்தது. மூடிக்கொண்டான். வாசல் மணலில் உட்கார்ந்தான்.

அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு ஆரம்பித்தாள். அப்பா கடைசியில் யார் பெயரைச் சொன்னார், யார் வீட்டுப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கினார்கள், முதல் பிடி மண் போட ஆளில்லாமல் சாமியார் எப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தார், வள்ளத்தை யார் யாரோ இழுத்துப்போய்க் கவிழ்த்தபோது அவள் எங்கே நின்றாள். திட்டினாள். அழுதாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். வெயில் மணலிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்தும் போனது. கஸ்பார் தலைகுனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தூரத்தில் நின்ற பாய்மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.