இரண்டு விரல் பட்டை

குரு முதியவராக இருப்பார், சீடர் இளைஞராக இருப்பார் என்று உலகம் நம்புகிறது. இது பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் செல்வது முறையல்ல. தாடியின் நீளத்துக்கும் ஞானத்துக்கும் உள்ள தொடர்பை இதுவரை யாரும் ஒழுங்காக அளந்து பார்த்ததில்லை. தாடி வைத்திருப்பவர்கள் மட்டும் அவ்வப்போது உறுதியளித்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் மங்கையர்க்கரசி. ஆனைகட்டி சாலையில் ஒரு சிறிய ஆசிரமத்தை நடத்திவந்தார். சீடர் நாகலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. கோயம்புத்தூரில் கணினி செய்யும் ஒரு கம்பெனியில் வடிவமைப்பாளர். தாடி இருவருக்கும் இல்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு நாகலிங்கம் ஓர் அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஆசிரமத்துக்கு வந்தார்.

"என்னங்கய்யா அது?" என்றார் குரு.

"என் தலைவலிங்கம்மா."

பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு புதிய கணினி. திரை தனி, பெட்டி தனி என்று இல்லாமல் எல்லாம் ஒரே உடல். சிலேட்டைப்போல மெலிசு. பால் வெள்ளை. திரைக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெறுமையாக ஓடியது.

"அழகா இருக்குது."

"பாதிப் பேர் அப்படித்தாஞ் சொல்றாங்க."

"மீதிப் பேர்?"

நாகலிங்கம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கம்பெனி அந்தக் கணினியை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிக் கருத்துக் கேட்டிருந்தது. அத்தனையையும் அவர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். கோயில் மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர். இருவரும் பார்த்தது ஒரே வெள்ளையைத்தான். கீழே உள்ள பட்டை தொங்கிப்போன தாடை மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள். பட்டை இல்லாவிட்டால் தாடை இல்லாத முகம்போல ஆகிவிடும், எடுத்துவிடாதீர்கள். ஒருவர் வெறும் 'ம்' என்று எழுதியிருந்தார். நாகலிங்கம் அதிகம் யோசித்தது அந்த 'ம்'மைப் பற்றித்தான்.

"பட்டை இருக்கணுமா வேண்டாமான்னு திங்கக்கிழமை கையெழுத்துப் போடணுங்கம்மா. போடலீன்னா வரைபடத்தை வெளியாள்கிட்டக் குடுத்துடறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. முப்பத்திரண்டு வருஷத்துல நான் கடைசியாச் செய்யறது இதுதான். அடுத்த மாசம் ரிட்டயர்டு. நீங்க சொல்லுங்க, யார் சொல்றது சரி?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

நாகலிங்கம் நோட்டைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"மறந்துபோச்சுங்கம்மா."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குருவும் களைத்திருந்தார். காலையிலிருந்து பத்தொன்பது கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார். அவற்றில் பதினான்கு, பணியிட மாறுதல் எப்போது கிடைக்கும் என்பது.

"நம்ம ஆபீஸ் மேசையில இதை வையுங்க. பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்க. நீங்க செஞ்சதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"எத்தனை நாளைக்குங்கம்மா?"

"அலுக்கற வரைக்கும்."

"எனக்கு இப்பவே அலுத்துப்போச்சுங்களே."

"அப்பப் பாதி வேலை முடிஞ்சுது."

ஆசிரம அலுவலகத்தில் தங்க வருபவர்களின் பெயரைப் பதிந்துவந்தவர் கோமளவல்லி. பழைய கணினி மூலைக்குப் போனதை அவர் பார்த்தார். புதியதையும் பார்த்தார். அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, பெட்டி எங்கே?"

"பெட்டி உள்ளயே இருக்குதுங்க" என்றார் நாகலிங்கம்.

"உள்ளயே இருந்தா எனக்கென்ன பிரயோசனம்? என் பிள்ளையாரை எங்க வைக்கறது?"

பழைய பெட்டியின் தலைமேல் ஒரு சின்னப் பிள்ளையார், ஒரு செம்பருத்தி, ஒரு கண்ணாடிக்கூடு, பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம் ஆகியவை பதினோரு வருடங்களாகக் குடியிருந்தன. புதிய கணினியின் உச்சி ஒரு விரல் தடிமன்கூட இல்லை. கோமளவல்லி பிள்ளையாரை வைத்துப் பார்த்தார். பிள்ளையார் நிற்கவில்லை.

"சாமிக்கே எடமில்லாம செஞ்சிருக்கான் பாருங்க, மகராசன். வீட்டுல என்ன கஷ்டமோ!"

நாகலிங்கம் நோட்டைத் திறந்து எழுதினார். நானூற்றுப் பதின்மூன்று.

சமையல்காரர் மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"தோசைத் திருப்பியாட்டம் இருக்குது."

"நல்லவிதமாச் சொல்றீங்களா, குறையாச் சொல்றீங்களா?"

"தோசைத் திருப்பியில என்னங்க நல்லது, குறை?" என்று மாரப்பன் உள்ளே போய்விட்டார்.

இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் நாகலிங்கம் நடுவில் எழுதினார்.

மறுநாள் மாலைக்குள் எண்ணிக்கை நானூற்று நாற்பதைத் தொட்டது. எழுதி எழுதி அவருடைய எழுத்து சாயத் தொடங்கியிருந்தது. தங்க வந்த ஒருவர் இதைப் பார்த்தால் மனம் அமைதியாகிறது என்றார். அவருடைய மனைவி, ஸ்விட்சு எங்கே இருக்கிறதென்று தேடியதில் தன் மனத்தில் இருந்த அமைதியும் போய்விட்டதென்றார். அவர்கள் அதே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு அறைக்குப் போனார்கள்.

ஆயுத பூஜையன்று கோமளவல்லி சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டார். வாசல் கேட், தண்ணீர் மோட்டார், கிரைண்டர், வேன், பீரோ. ஸ்டேப்ளருக்கும் வைத்தார். கடைசியில் கணினிக்கு வந்தார்.

சந்தனம் தோய்ந்த விரல் காற்றில் நின்றது.

திரையில் வைத்தால், பதியும் பெயர் தெரியாது. உச்சியில் இடமில்லை. பின்பக்கம் வைக்கலாம், ஆனால் முதுகில் பொட்டு வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இருப்பதாகத் தெரியவில்லை. விரல் மெல்லக் கீழே இறங்கியது. பட்டையின் நடுவை நோக்கிப் போனது.

"நடுவுல வேண்டாம்!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நாகலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க மைக் ஓட்டை இருக்குது, அடைச்சுக்கும்! தள்ளி வையுங்க, வலது பக்கம் வையுங்க! மத்த எடமெல்லாம் தொடாதே தொடாதேன்னு இருக்குதே, மனுசன் கை வைக்க ஒரு எடமாவது வேணும்னுதானே அந்தப் பட்டையை விட்டேன்!"

வாசலில் கற்பூரத் தட்டோடு குரு நின்றிருந்தார்.

"நீங்க விட்டீங்களா?" என்றார் கோமளவல்லி. "அட, இதைச் செஞ்சதே நீங்கதானா? ரெண்டு நாளா உம்முன்னு உட்கார்ந்திருந்தீங்களே! நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டனே!"

"பரவாயில்லைங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கறேன்."

கோமளவல்லி வலது பக்கம் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தார். செம்பருத்தியை எடுத்துப் பட்டையின் அடியில், மேசைமேல் சாய்த்து வைத்தார். பிள்ளையாரைப் பூவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நாகலிங்கம் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். உட்காரவில்லை. நோட்டு தரையில் கிடந்தது. அதையும் எடுக்கவில்லை.

"அம்மா, நான் கேட்ட கேள்விக்கு..."

விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்த குரு ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொண்டு தட்டை நீட்டினார்.

"மறந்துபோச்சுன்னீங்களே ஐயா."

நாகலிங்கம் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை கையெழுத்தானது. பட்டை அப்படியே இருந்தது. மைக் துளை மட்டும் மேல் விளிம்புக்குப் போனது. கணினியோடு தரப்படும் பராமரிப்புக் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'பட்டையில் உள்ள குங்குமத்தை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும்.'