பிரபு துறந்த கேளிக்கைகள்

இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால், ரஷ்யாவில் ஓகா நதிக்கரை மடம் ஒன்றில் பொர்ஃபீரி என்றொரு சீடர் இருந்தார். ஐம்பது வயது. முன்பு பெரும் பண்ணையின் பிரபு. சீட்டாட்டம், ஓநாய் வேட்டை, முகமூடி நடனம் என்று அலுக்க அலுக்க வாழ்ந்தவர். பண்ணையடிமைகளை நடிக்கவைத்துச் சொந்தமாக நாடகக் குழுவே வைத்திருந்தார். கொம்பு இசைக்குழுவும் உண்டு. நாற்பது பண்ணையடிமைகள், ஆளுக்கொரு கொம்பு, கொம்புக்கு ஒரே சுரம்.

எல்லாவற்றையும் விட்டு வந்து நான்கு வருடமாகியும் மனம் அடங்கவில்லை.

ஒரு காலையில் குரு பகோமியிடம் கேட்டார்.

"தந்தையே, நான் எதையுமே மிச்சம் வைக்கவில்லை. பிறகும் ஏன் நிம்மதி வரவில்லை?"

"எப்படி விட்டாய்?"

"கொடுத்துவிட்டேன். வேட்டை நாய்களையும் இசைக்குழுவையும் நண்பனுக்கு. நாடகக் குழுவை, துலா நகரத்தில் இருக்கும் தங்கைக்கு. ஒரு நொடி தயங்கவில்லை."

குரலில் லேசாகப் பெருமை தட்டியது.

குரு அவரை விறகுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். முந்தைய நாள் மடத்துக்கு வந்த வழிப்போக்கன் ஒருவன் அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தான். பொர்ஃபீரியைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டுக் குல்லாயைக் கழற்றினான்.

"எஜமான்! நான் நிகிஃபோர். உங்கள் குழுவில் கொம்பு ஊதியவன்."

பொர்ஃபீரியின் முகம் மலர்ந்தது. "அடடா! அந்த வேட்டைப் பாட்டு! விருந்தாளிகள் அழுதே விடுவார்களே!"

"பாட்டு எனக்குத் தெரியாது, எஜமான். என் முறை வரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கை தப்பினால் அடி விழும்."



"இங்கே எப்படி வந்தாய்?"

"பனியில் ஊதி ஊதி உதடு கிழிந்துபோச்சு. இனி உதவமாட்டாய் என்று புது எஜமான் அனுப்பிவிட்டார். துலாவுக்கு நடந்து போகிறேன். லுகேரியா அங்கேதானே இருக்கிறாள்?"

"யார் அவள்?"

"என் மனைவி. உங்கள் நாடகத்தில் ராணி வேஷம் கட்டுவாளே."

பொர்ஃபீரிக்கு ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. போன வருடம் தங்கை எழுதியிருந்தாள்: 'நானும் உன் வழிக்கு வந்துவிட்டேன், அண்ணா. நாடகக் குழுவைக் கலைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒருவராகக் கொடுத்துவிட்டேன். யார் எங்கே போனார்கள் என்றுகூட நினைவில்லை.' அந்தக் கடிதத்தை அவர் மடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டி மகிழ்ந்திருந்தார்.

"அவள் துலாவில் இல்லை" என்றார்.

"பின்னே எங்கே, எஜமான்?"

பொர்ஃபீரி குருவின் பக்கம் திரும்பினார்.

"தந்தையே, அப்படியானால் நான் எதைத்தான் துறந்தேன்?"

"இவன் மனைவியை" என்றார் குரு.