மேற்குச் சுவருக்குப் பலகை

மலையிலிருந்து சாரல் இறங்கினால் முதலில் வந்து முட்டுவது சங்கரவடிவு அம்மாள் மடத்தின் மேற்குச் சுவரில்தான். எழுபது வருஷமாக முட்டி முட்டி, சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கிடந்தது. மரவாடிக்காரர் ஒருத்தர் பலகை கொண்டுவந்து இறக்கினார். பழைய சுவரை மூடி அதன்மேலேயே பலகை அடித்துவிடலாம் என்றார் அம்மாள்.

அம்மாளுக்கு நாற்பது வயசு. சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. அதனால் குருவே சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை ஆவுடையப்பனுக்கு ஒரு கடுதாசி வந்திருந்தது. மேக்கரையில் அவருடைய முதல் ஆசான் படுக்கையில் விழுந்துவிட்டாராம். ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்.

"போகணுமா தாயி?"

"ஏன் கேக்கீங்க?"

"பதினோரு வருஷம் அவருகிட்ட இருந்தேன். இங்க வந்தபிறகுதான் அங்க படிச்சதெல்லாம் அரைகுறைன்னு தெரிஞ்சுது. குரு யாருன்னு கேட்டா உங்க பேரை மட்டுந்தான் சொல்லுதேன். அவர் முன்னால போய் எப்படி நிக்க?"

அம்மாள் சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார். "பழைய பூச்சை மொத்தமாக் கொத்தி எடுத்திரவா?"

"தட்டிப் பாருங்க."

தட்டினார். கிண்ணென்று கேட்டது. ரெண்டு இடத்தில் மட்டும் பொத்தென்றது.

"பொத்துங்கிறதை மட்டும் எடுங்க. அந்த இடத்தைத் தள்ளிக் கட்டை வைங்க."

சுவரில் நெட்டுக்குக் கட்டைகளை வைத்து அடித்தார். நீட்டு ஆணி கட்டையைத் தாண்டி, பூச்சைத் தாண்டி, செங்கல்லில் போய்க் கவ்வியது. கட்டைமேல்தான் பலகை.

"கட்டை எதுக்கு? சுவரோட ஒட்டியே பலகையை அடிச்சா என்ன?"

"எழுபது மழை குடிச்ச சுவரு. மூச்சுவிட இடம் வேண்டாமா?"

ஆவுடையப்பன் சிரித்தார். "என்ன இருந்தாலும் கிழவனுக்குப் புதுச் சட்டை மாட்டுன கதைதான்."

"நீங்க சட்டை போடுறதில்லையா அண்ணாச்சி?"

சின்னச் சுவர்தான். உச்சிப்பொழுதுக்குள் ஒரு பலகைதான் பாக்கி. அதை அவர் தூக்கும்போது, "இருங்க" என்றார் அம்மாள். இன்னும் மூடாமல் தெரிந்த அந்த ஒரு முழம் பழைய சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு பலகை ஏறியது.

ஆவுடையப்பன் நாலடி தள்ளி நின்று பார்த்தார். சுவர் புதுசாக நின்றது.

"இனிமே உள்ள பழைய சுவரு ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியப்போவுது தாயி?"

"ஆணிக்குத் தெரியும் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மேக்கரை பஸ்ஸுக்குச் செருப்பைத் தேடினார்.